மாமனுக்குக் கிராணி

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. இரண்டும் ஒரே அரைமணி நேரத்தில் வந்து என்னைப் பிடித்து ஆட்டியது, அட்டாலிப் பரணில் உட்கார்ந்து மலேயா மாமனின் கடிதங்களைப் படித்த அன்றுதான். அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் மேலே படிக்க அனுப்ப மாட்டேன் என்று சொன்ன அப்பாவோடு மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சோறு மட்டும் போடுவேன்.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒன்றரை மைலில் எங்கள் தோட்டத்து வீடு. அந்த வாரம் வீடு முழுக்க வெள்ளையடிப்பு நடந்தது. அத்தையைப் பெண் பார்க்க ஆத்தூரிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அண்ணியான என் அம்மாவை நங்கை என்று கூப்பிடுவாள். இருபத்தேழு வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் அது ஊரே கூடிக் கவலைப்படுகிற வயது. ஆத்தூர்க்காரர் ஜவ்வரிசி மில் வைத்திருந்தார். மனைவி இறந்து ஒரு வருஷம், இரண்டு பிள்ளைகள். வருவதற்கு முன்னாலேயே மரியாதைக்கு ஒரு மூட்டை ஜவ்வரிசி அனுப்பியிருந்தார். பத்து நாளாக எங்கள் வீட்டில் காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மத்தியானம் ஜவ்வரிசி உப்புமா, சாயங்காலம் ஜவ்வரிசிப் பாயசம். நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அத்தை ஏதாவது சொல்லி அனுப்பிவிட்டாள். ஒருவருக்கு மூக்கு சரியில்லை. ஒருவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். இன்னொருவர் மூன்றாம் தடவை ரசம் கேட்டார். இந்தத் தடவை அப்பா உஷாராகிவிட்டார்.

"அவளை ஒண்ணும் கேக்கறதா இல்லை. வாரவங்க வந்தாங்கன்னா அன்னிக்கே உப்புச் சக்கரை மாத்திப் போட வேண்டீதுதான்" என்றார் அம்மாவிடம். உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் எங்கள் பக்கம் நிச்சயம் ஆன மாதிரி. அப்புறம் மூக்கைப் பற்றியெல்லாம் பேச முடியாது. அம்மாபேட்டைக்குப் போய்ப் பெண்ணுக்குச் சேலையும் எடுத்து வந்துவிட்டார்.

அத்தை இப்படி எல்லோரையும் விரட்டியதற்குக் காரணம் மலேயா மாமன். அவர் என் அம்மாவின் தம்பி. அத்தைக்கும் அவருக்கும் சிறு வயதிலிருந்தே பேச்சு. பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பதென்று இரண்டு பக்கமும் சம்மதம். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் தெரிந்தவர் ஒருவரோடு கப்பலேறி மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். மூன்று வருஷத்தில் வந்து கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவருக்கு அங்கே தீராத வயிற்றுநோய் வந்துவிட்டது என்பது எங்கள் வீட்டில் மட்டும் தெரிந்த ரகசியம். கடைசியாகக் கடிதம் வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அம்மா மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளையடிக்க வேண்டுமென்று அட்டாலியில் கிடந்த சாமான்களை இறக்க நான் ஏறினேன். பழைய மொறம், அறுந்த உறி, எலி கடித்த சாக்குகள். அவற்றுக்குப் பின்னால் கடிதம் குத்துகிற கம்பி ஒன்று கிடந்தது. அடியில் வட்டமாகப் பலகை, மேலே வளைந்த நுனி. வரவேற்பறை என்று ஒன்று இருக்கிற வீடுகளில் அதைச் சுவரில் தொங்க விடுவார்கள். எங்கள் அப்பா அதை ஒளித்து வைத்திருந்தார். அது ஏன் என்று எனக்குப் பத்து நிமிஷத்தில் தெரிந்துபோனது.

எல்லாம் மலேயாத் தபால்தலை. அடியிலிருந்து எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதல் கடிதத்தைப் பார்த்ததும் பதினோரு வயதில் அப்பா அதை உரக்கப் படித்ததும், அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு அழுததும் ஞாபகம் வந்தது. இதுதான் அந்தக் கடிதம்:

"அன்புள்ள மச்சான் அவர்களுக்கும் அக்காளுக்கும். நலம், நலமறிய ஆவல். போன மாதம் முதல் எனக்குக் கிராணி ஆகிவிட்டது. வந்த இரண்டே வருஷத்தில் எனக்குக் கிராணி ஆனதில் எல்லோருக்கும் ஆச்சரியம். துரைக்கு மிகவும் சந்தோஷம். இப்போது சின்னக் கிராணிதான். ஆண்டவன் கிருபையால் நாலைந்து வருஷத்தில் பெரிய கிராணி ஆகிவிடும் என்று எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள்."

எங்கள் பக்கம் கிராணி என்றால் நிற்காத வயிற்றுப்போக்கு. மாசக்கணக்கில் இழுத்து ஆளை எலும்பாக்கிவிட்டுத்தான் ஓயும். வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

"அய்யோ சாமி, கண் காணாத சீமையில எந்தம்பிக்கு இப்பிடி ஒரு சீக்கா வரோணும்! அந்த வெள்ளைக்காரப் பாவிக்குச் சந்தோசமாமே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாத. பொண்ணு குடுக்கறதாப் பேசியிருக்கற மாப்பிள்ளை. வெளியில தெரிஞ்சா மானம் போயிரும்" என்றார் அப்பா. அன்றிலிருந்து அந்தச் சொல்லை யாரும் வெளியே உச்சரிக்கக் கூடாது என்று சட்டம். மலேயா போய்வந்தவர் ஒருவரிடமாவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். மானம் விட்டால்தானே.

புதுச்சத்திரத்து வைத்தியரை மட்டும் ரகசியமாகக் கூட்டிவந்தார் அப்பா. வைத்தியர் கடிதத்தை வாங்கி, நாடி பார்க்கிற மாதிரி காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சொன்னார். "சின்னக் கிராணின்னா மருந்துக்கு நிக்குமுங்க. பெரிய கிராணி ஆயிருச்சுன்னா நம்ம கையில இல்லை. சூரணம் தாரேன், அனுப்பி வையுங்க. பாலை மட்டும் தொடப்படாது." அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவளும் பாலை நிறுத்திவிட்டு வரக்காப்பி குடிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால், பால் வாசம் பிடிக்கவில்லையாம்.

சூரணம் கப்பலில் போனது. உடம்பைப் பார்த்துக்கொள், பாலைத் தொடாதே என்று கூடவே கடிதமும் போனது. அதற்கு மாமனின் பதில் கம்பியில் இரண்டாவதாக இருந்தது.

"நீங்கள் அனுப்பிய சூரணம் கிடைத்தது. பெரிய கிராணிக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல பலன். பால் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். பால் இல்லாமல் இங்கே பிழைப்பு ஏது மச்சான்? விடிந்தால் பால்தான். போன வாரம் மழையில் பால் கெட்டுப்போய் எல்லோருக்கும் வயிற்றில் அடி."

இதைக் கேட்டுவிட்டு அன்று வைத்தியர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா? பெரிய கிராணிக்கே குடுத்துக் கேட்டிருக்குது! ஆனா அந்தப் பாலு இருக்குது பாருங்க, அதாங்க ஆளைக் கொல்லுது. கெட்ட பாலைக் குடிச்சா வயித்துல அடிக்காம என்ன பண்ணும்?"

ரப்பர் மரத்தைக் கீறினால் வருவதற்கும் பால் என்றுதான் பெயர் என்று நான் பிற்பாடு பூகோளத்தில் படித்தேன். ஆனால் பரீட்சைக்குப் படித்ததை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாவது கடிதம்தான் எல்லாவற்றுக்கும் சிகரம்.

"இப்போது எனக்கு வெளிக்காட்டுக் கிராணி. விடியற்காலை ஐந்தரைக்கு வெளிக்காட்டுக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் திரும்புகிறேன். சில நாள் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. என்னோடு அறுபது பேர் வருகிறார்கள். துரை மோட்டார் சைக்கிளில் வந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்து, திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்."

எங்கள் ஊரில் காலையில் வெளிக்காட்டுக்குப் போவது என்றால் கையில் செம்போடு போவது. வேறு வேலைக்கு அந்தப் பேச்சு கிடையாது. அப்பா இதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அறுபது பேரா?" என்றாள் அம்மா.

"அந்தத் தோட்டமே கழியுதாட்ட இருக்குது."

"அதையுமா வெள்ளைக்காரன் வந்து பாக்கறான்?"

"அவனுங்க எதுலயும் கறாரா இருப்பானுங்க."

பதினோரு வயதில் இதைக் கேட்டு நானும் அழுதேன். பதினெட்டு வயதில் அட்டாலியில் உட்கார்ந்து படித்தபோதும் மாமன் நோயாளி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த மோட்டார் சைக்கிள் வந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அப்பா கல்யாணப் பேச்சை முறித்தார். நோயின் பெயரை எழுதக் கூச்சப்பட்டு, "தங்கள் நிலைமை தெரிந்த பின் பெண் கொடுக்க இயலாது" என்று சுருக்கமாக எழுதிப் போட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அத்தையிடம் அப்பா வேறு மாதிரி சொன்னார். "மாப்பிள்ளையே வேண்டாம்னுட்டான் சாமி. நோய் வந்த ஒடம்பு, உன்ற வாழ்க்கையக் கெடுக்க மனசு வரலைன்னு எழுதியிருக்கறான்." தங்கச்சி மனசு ஆறட்டும் என்று சொன்ன பொய். நடந்தது தலைகீழ். இப்படிப்பட்ட ஒரு புண்ணியவானை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த மாப்பிள்ளையின் மூக்குதான் நேராகத் தெரியும்?

நாலாவது கடிதத்தை அப்பா யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அதில் மாமன் எழுதியிருந்தார்: "கிராணி என்று தெரிந்த பின் பெண் கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டீர்கள். கிராணி என்றால் அவ்வளவு கேவலமா மச்சான்? இங்கே கிராணிக்குப் பெண் கொடுக்க எத்தனையோ பேர் தேடி வருகிறார்கள்."

இந்த இடத்தில் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. என்னதான் தூர தேசமாக இருந்தாலும் வயிற்றுப்போக்கைத் தேடிவந்து பெண் கொடுப்பார்களா?

ஐந்தாவது, கம்பியின் உச்சியில் இருந்த தடித்த கவர். அதைப் பிரிக்கவே இல்லை. ஒட்டினபடியே கம்பியில் குத்தியிருந்தது. படிக்கவும் மனசில்லாமல், கிழித்துப் போடவும் மனசில்லாமல் அப்பா செய்த காரியம். தலையில் இருந்த ஊசியை எடுத்துக் கவரைக் கிழித்தேன். உள்ளே ஒரு கடிதமும் ஒரு போட்டோவும். போட்டோவில் கால்சட்டையும் பூட்சும் போட்டு ஐந்து பேர் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரர். அப்பாவின் கம்பி சரியாக அவருடைய தொப்பைக்குள் நுழைந்து போயிருந்தது. அவருக்குப் பக்கத்தில் கன்னமெல்லாம் சதை வைத்து, மினுமினுவென்று எங்கள் மாமன். பின்பக்கம் எழுதியிருந்தது: "இடமிருந்து வலம்: ஆபீஸ் கிராணி, பெரிய கிராணி, துரை, நான், பக்கத்துத் தோட்டத்துக் கிராணி."

பெரிய கிராணிக்கு வழுக்கைத் தலை, வாயெல்லாம் சிரிப்பு. நம்ம சூரணத்தைத் தின்ற மகராசன் இவர்தான் என்று புரிந்ததும் நான் சிரித்த சிரிப்பில் கீழே வெள்ளையடித்துக்கொண்டிருந்த அத்தை, "ஏனுங் கண்ணு, எலி கடிச்சுதா?" என்று குரல் கொடுத்தாள்.

கடிதத்தைப் பிரித்தேன். "மச்சான், ஊரில் கணக்குப்பிள்ளை என்போமே, அதைத்தான் இங்கே கிராணி என்பார்கள். வெளிக்காட்டுக் கிராணி என்றால் ரப்பர்க் காட்டில் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். எழுதிப் பிழைக்கிற வேலை உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்றால் நான் ஊருக்கு வந்து ஏர் பிடிக்கவும் தயார்." அதற்குக் கீழே இருந்ததைப் படித்ததும் என் சிரிப்பு நின்றது. "ஆனால் போன கடிதத்தில் உங்கள் தங்கைக்கே இதில் இஷ்டமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவளைக் கேட்டு எழுதினீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அவள் சொன்னதுதான் என்றால், இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்."

ஆறு வருஷம். ஒரு வரிக்காக அந்த மனுஷன் காத்திருந்திருக்கிறார். வியாழக்கிழமை ஆத்தூர்க்காரர் வருகிறார். அன்று செவ்வாய். எனக்கு வந்த கோபத்தில் ஏணியின் கடைசி மூன்று படியை விட்டுவிட்டு நேராகக் குதித்தேன்.

அத்தை சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தாள். போட்டோவைக் காட்டி, முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. வெளிக்காட்டுக் கிராணி என்ன என்று சொன்னதும் புரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, சேலையெல்லாம் சுண்ணாம்பாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அடக் கெரகமே! அப்ப அந்தப் பாலு?"

"ரப்பர்ப் பாலு அத்தை."

"ஏழு வருசமா வரக்காப்பி குடிச்சுட்டிருக்கறனே, பாவி!"

"அந்த வாசம் புடிக்கலைன்னது?"

"போடி அக்கட்டால."

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "சாகக் கெடக்கறான்னு வாராவாரம் வெளக்குப் போட்டேன். இவன் பூட்சு போட்டுட்டு உக்காந்திருக்கறானாக்கும்! வரட்டும், வெச்சுக்கறேன்!" என்று கத்திவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள்.

கடைசி வரிகளை அப்போதுதான் படித்துக் காட்டினேன். அத்தை சிரிப்பை நிறுத்தினாள்.

"அந்த எடத்தை இன்னொருக்காப் படி."

படித்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் தடவை படித்து முடித்தபோது அப்பா சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் வியாழக்கிழமைக்கான வாழைத்தார். எங்கள் மூன்று பேரையும், தரையில் கிடந்த கம்பியையும் பார்த்தார். வாழைத்தாரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கணக்குப்பிள்ளைக் கதையை நான்தான் சொன்னேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பாவோடு நான் பேசிய முதல் பேச்சு அது. கேட்டுவிட்டு, "கிராணின்னா கணக்கப்புள்ளைன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார் அப்பா, கொஞ்சம் தெம்பு வந்தவராக.

"அது தெரியாம வந்த தப்பு, அண்ணா" என்றாள் அத்தை. "யாருக்கும் வரும். எனக்கு இஷ்டமில்லைன்னு எழுதுனீங்களே, அதுவும் தெரியாம எழுதுனதுதானுங்களா?"

அப்பா வாழைத்தாரை மறு தோளுக்கு மாற்றினார்.

"அவுங்க வேண்டாம்னுட்டாங்கன்னு எங்கிட்டச் சொன்னீங்க. நான் வேண்டாம்னுட்டேன்னு அவுங்களுக்கு எழுதுனீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

"நோயாளிக்கு உன்னைக் குடுத்துட்டு நான் எப்பிடிம்மா சோறு திங்கறது? கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே? அவனையேதான் கட்டிக்குவேன்னு அழுதிருப்பே."

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பா சமாளித்திருப்பார். அவர் வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே கடிதம் எழுதினோம். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வரும். நான் எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம். எழுதுனவங்களே எழுதட்டும்" என்றாள். அப்பா பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க. அன்னிக்கு நான் எழுதுனது பொய்."

"பொய்ன்னு வேண்டாமே. தவறுன்னு போட்டுக்கலாமே."

"பொய்."

"பொய்ன்னே போடுங்க" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

எழுதியதை நான் வாங்கிச் சரிபார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்க, பொய் மட்டும் எறும்பு அளவில் இருந்தது. வேறு காகிதம் கொடுத்து மறுபடி எழுத வைத்தேன். என் தங்கையை நான் கேட்கவே இல்லை, என் இஷ்டத்துக்கு எழுதினேன் என்பது இரண்டாவது வரி. அதை நான் சொல்லாமலே அப்பா பெரிய எழுத்தில் எழுதினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி மேல்படிப்புக்காக அப்படியே இருந்தது.

"அவளுக்கு இப்போதும் இஷ்டம்தான்னு முடிச்சுரட்டுமா?" என்று கேட்டார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதையும் நீங்களே சொல்லுவீங்களா? என்னைத்தான் இன்னும் யாரும் கேக்கலையே" என்றாள் அத்தை. கடிதம் அந்த இரண்டு வரியோடு போனது.

ஆத்தூருக்கு மறுநாள் அப்பாவே போனார். என்ன காரணம் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லையாம். மில்காரர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு குழறி, "தங்கச்சிக்கு ஏற்கெனவே ஒரு கிராணி இருக்குதுங்க" என்றிருக்கிறார். அது சுத்தமான உண்மை. அந்த மனுஷர் இரண்டடி பின்னால் நகர்ந்து, "அடடா, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க. சம்பந்தம் எங்க போயிடப் போவுது" என்று சொல்லி, அப்பாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தாராம். ஜவ்வரிசியைத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே முதல் முறையாகக் கவரை அப்பா பிரிக்காமல் அத்தை கையில் கொடுத்தார். அவள் அதை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வெளிக்காட்டு வேலை அதிகம், நேரம் கிடைக்கவில்லை. தை மாதம் வருகிறேன்." அவ்வளவுதான். ஆறு வருஷமாகக் கல்யாணத்துக்கு நேரம் கிடைக்காத ஆளை நினைத்து அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தையில் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, சேலம் வரை ரயிலில் வந்து, நாமக்கல் பஸ் பிடித்து, தகரப் பெட்டியோடு மாமன் வந்து சேர்ந்தார். போட்டோவில் இருந்ததைவிட இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். மாமன் எதையும் கேட்கவில்லை, "நல்லா இருக்கீங்களா மச்சான்?" என்றதோடு சரி. அதற்குள் செய்தி தெரிந்து புதுச்சத்திரத்து வைத்தியர் வந்துவிட்டார். மாமனின் கையைப் பிடித்து நாடி பார்த்து, கண்ணை மூடி, "அறவே கொணமாயிருச்சுங்க. நம்ம சூரணம் வேருக்கே போயிருக்குது" என்றார். மாமன் என்னைப் பார்த்தார். நான் மோர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன்.

அத்தை அம்மாபேட்டைச் சேலையைக் கட்டாமல் பழைய சேலையோடேயே வந்து நின்றாள். இரண்டு பேரும் பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறார்கள். மாமன் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"அவளைக் கேட்டு எழுதுங்கன்னு எங்கண்ணனுக்குத்தானே எழுதுனீங்க" என்றாள் அத்தை. "எனக்கு ஒரு காகிதம் போடோணும்னு தோணலையா?"

"உனக்குப் படிக்க வராதுன்னு..."

"எழுத்துக் கூட்டியாவது படிச்சிருப்பேன்."

அறுபது பேரை மேய்க்கிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வைத்தியர் மெதுவாகத் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"சரி, இப்பக் கேளுங்க" என்றாள்.

"இங்கேயா? எல்லாரு முன்னாலயுமா?"

"எல்லாரும்தானே சேந்து முடிவு பண்ணுனாங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மாமன் தொண்டையைச் செருமினார். காது சிவந்துவிட்டது. "என்னைக் கட்டிக்க உனக்கு... இஷ்டமா?"

"ரோசனை பண்ணிச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனாள். "ஏனுங் கண்ணு, ஆறு வருசமா ரோசனை பண்ணுனது பத்தலையா?"

"அது நீங்க எல்லாரும் எனக்காகப் பண்ணுன ரோசனைங்க நங்கை. நான் இன்னிக்குத்தான் ஆரம்பிக்கறேன்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல மாட்டுக்குத் தீவனம் வைத்தாள், துணி துவைத்தாள், கடலை உடைத்தாள். மாமன் எங்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். கேட்டால் காற்று வாங்குகிறாராம். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாண மண்டபமா கோயிலா என்று யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலும் இரண்டு ஆண்பிள்ளைகளும் பதறி எழுந்து நின்றார்கள். அவள் கோழியைத்தான் விரட்டிக்கொண்டிருப்பாள்.

நாலாம் நாள் காலை அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அத்தை இட்லிப் பாத்திரத்தோடு வந்தாள். மாமன் இலையில் இரண்டு வைத்தாள். அப்பா இலையில் இரண்டு வைத்தாள். பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு நேராக நின்றாள்.

"சரின்னு சொல்றேன். சொல்றது நான். எங்கண்ணன் சொல்லலை. காதுல உளுந்துச்சுங்களா?"

அப்பா இலையிலிருந்து நிமிரவில்லை.

"உளுந்துச்சு சாமி" என்றார்.